சுருதி சேராத சீமாட்டி

மெல்பேர்ணின் தென்கிழக்குப் புறநகர் ஒன்றில் வதியும் நண்பர் ஒருவரின் இல்லத்திற்கு அண்மையில் இராப்போசனத்துக்குச் சென்றிருந்தோம். உணவு முடிந்தபின் சிறியோரும் பெரியோருமாகத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, 2016ஆம் ஆண்டில் வெளிவந்த 'புளோரன்ஸ் பொஸ்டர் ஜென்கின்ஸ்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தைப் பார்த்தோம். ஸ்டீபன் பிரியர்ஸ் இயக்கிய இப்படத்தில் மெரில் ஸ்ட்ரீப் அம்மையார் ஒரு பாடகியாக நடிக்கிறார். சாதாரண பாடகியல்ல, சுருதி என்பது எத்திசையில் உள்ளதென்றே அறியாத பாடகி. முதற்பாடலை அவர் தொடங்கியதும் வீடு அதிரச் சிரித்தோம். நண்பரின் தாயார் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

படம் முடியும் தறுவாயில் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போது நண்பரின் பத்து வயது மகள் எல்லோரையும் பார்த்து, "அவவுக்குத் தனக்குப் பாடத் தெரியாதெண்டு தெரியாதோ?" என்று கேட்டாள்.

பெரியவர்கள் எவரிடமும் விடை இருக்கவில்லை. அவ்வினா எம்மைச் சற்று அதிகமாகவே தைத்தது. அதற்கு எம்மவர் ஒருவர் சம்பந்தப்பட்ட காரணம் ஒன்றுண்டு. அதனைப் பின்னர் கூறுவோம். முதலில் அச்சீமாட்டி யாரென்பதைச் சொல்லிவிடுதல் முறையாகும். ஏனெனில் இது கற்பனைக் கதையன்று.

புளோரன்ஸ் 1868ஆம் ஆண்டு யூலை 19ஆம் திகதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வில்க்ஸ்பாரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் செல்வந்தரான சட்டத்தரணி. சிறுமியாக இருந்தபோதே பியானோ வாசிப்பதில் பெயர்பெற்றவர். ஆகவே, இசையே தெரியாத ஒருவர் பணத்திமிரினால் மேடையேறினார் என்று எண்ணுவது தவறு. ஐரோப்பா சென்று முறையாக இசை பயில விரும்பினார். தந்தையார் பணம் தர மறுத்துவிட்டார். பெண் தன்னினும் மிகவும் மூத்த மருத்துவர் ஒருவருடன் வீட்டைவிட்டுப் புறப்பட்டுத் திருமணம் செய்துகொண்டார். அம்மணவாழ்வு அவருக்குத் தந்தது 'ஜென்கின்ஸ்' என்ற பெயரையும், அக்காலத்தில் மருந்தில்லாத மேகநோயையும் மாத்திரமே. பாதரசமும் நச்சுக்காரமுமே அந்நாளில் அதற்குச் சிகிச்சை. கணவரைப் பிரிந்தார். பியானோ கற்பித்துப் பிழைத்தார். கையில் ஏற்பட்ட பாதிப்பினால் அதுவும் நின்றுபோயிற்று. கை போனபின் எஞ்சியது குரல். அந்தக் குரல்தான் அவரைக் கைவிட்டது.

1909ஆம் ஆண்டு தந்தையார் இறந்தபோது பெருஞ்செல்வம் அவர் கைக்கு வந்தது. அதே ஆண்டில் செயின்ட் கிளெயர் பேபீல்ட் என்ற ஆங்கிலேய நடிகரைச் சந்தித்தார். சிறு வேடங்களில் நடித்துவந்த அம்மனிதர் அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகள் அவருக்குத் துணைவராகவும், நிகழ்ச்சி ஒழுங்கமைப்பாளராகவும், காவலராகவும் இருந்தார். 1912ஆம் ஆண்டிலிருந்து புளோரன்ஸ் பொதுவில் பாடத் தொடங்கினார். 1917இல் நியூயோர்க்கில் 'வேர்டி கழகம்' என்ற இசைக்கழகத்தை நிறுவினார். ஆண்டுதோறும் ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல் மண்டபத்தில் ஒரு கச்சேரி. நுழைவுச்சீட்டுகளைத் தாமே ஆள்பார்த்து விற்பார். கழக உறுப்பினர்களும் நண்பர்களும் வரலாம். முன்பின் அறியாத பத்திரிகை விமர்சகர்கள் வரலாகாது. முதுகில் பெரிய இறக்கைகள் கட்டிய தேவதை உடையில் தோன்றுவார். ஒரு ஸ்பானியப் பாடலின்போது கூடையிலிருந்து பூக்களை எடுத்துச் சபையினர்மீது எறிவார். பூ முடிந்துவிட்டால், எறிந்த பூவையெல்லாம் பொறுக்கித் தரச்செய்து மீண்டும் அதே பாடலைப் பாடி மீண்டும் எறிவார். எமது கலியாண வீடுகளில்கூட இத்தகைய சிக்கனத்தை நாம் கண்டதில்லை.

1943ஆம் ஆண்டு அவர் பயணஞ்செய்த வாடகைக் கார் விபத்துக்குள்ளாயிற்று. வேறொருவராயின் நட்டஈடு கோரி வழக்குத் தொடுத்திருப்பார். இவரோ, விபத்தின் பின்னர் முன்னைவிட உயர்ந்த தானத்தைத் தம்மால் எட்ட முடிகிறதெனக் கண்டு, சாரதிக்குச் சுருட்டுப் பெட்டி ஒன்றை அன்பளிப்பாக அனுப்பினார் என்பர்.

இங்கே ஒரு கணம் எமது கையிலுள்ள நூறு டொலர் தாளைப் பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். நூறு டொலர் தாள் எம் கையில் அதிகநேரம் தங்குவதில்லையாயினும், அதன் ஒரு பக்கத்தில் உள்ள பெண்மணியைக் கண்டிருப்பீர்கள். அவர் நெல்லி மெல்பா. 1861ஆம் ஆண்டு மெல்பேர்ணின் ரிச்மண்ட் பகுதியில் பிறந்தவர்; ஊரின் பெயரைச் சுருக்கியே தம் மேடைப்பெயராக்கிக் கொண்டவர். புளோரன்ஸைவிட ஏழு வயது மூத்தவர். அவருடைய தந்தையாரும் செல்வந்தர். மெல்பேர்ணில் இன்றும் நிமிர்ந்து நிற்கும் அரச கண்காட்சி மண்டபத்தைக் கட்டிய ஒப்பந்தகாரர். மகள் மேடையில் பாடிப் பிழைப்பதை அவரும் விரும்பவில்லை. மெல்பாவின் மணவாழ்வும் நிலைக்கவில்லை. இருவரின் இளமைக்கதையையும் அருகருகே வைத்தால் ஒரே வீட்டுச் சகோதரிகளின் கதைபோலத் தோன்றும். ஆனால் 1887ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகர மேடையில் மெல்பா வாய்திறந்தபோது உலகம் அவரை ஏற்றுக்கொண்டது. ஒரே ஆசை இருவருக்கும் இருந்தது. தொண்டை மாத்திரம் ஒருவருக்கே வாய்த்தது. 1931இல் சிட்னியில் மறைந்த மெல்பா, விடைபெறும் கச்சேரி என்று சொல்லிச் சொல்லியே பலமுறை பாடியவர். அது இந்நாட்டில் ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது. மேடையைவிட்டு இறங்க மனமின்மை வல்லவருக்கும் உண்டு, வராதவருக்கும் உண்டு.

புளோரன்ஸின் கதைக்கு மீள்வோம். அவருக்குப் பியானோ வாசித்தவர் கொஸ்மே மக்மூன். மெக்சிகோவில் பிறந்து டெக்சாசில் வளர்ந்த இளைஞர். பாடகி பாதை தவறும் இடமெல்லாம் பியானோவைக் கொண்டு ஓடிச்சென்று பிடிப்பதே அவர் தொழில். 1941ஆம் ஆண்டு முதல் இருவரும் நியூயோர்க்கின் மெலோட்டோன் ஒலிப்பதிவுக்கூடத்தில் சில இசைத்தட்டுக்களைப் பதிவுசெய்தனர். மொசார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' இசைநாடகத்தில் இரவின் அரசி பாடும் பாடல் அவற்றுள் ஒன்று. தேர்ந்த பாடகியரும் அஞ்சும் பாடல் அது. அதனைப் பதிவுசெய்துவிட்டு வீடுசென்ற அம்மையாருக்கு, முடிவில் வரும் ஒரு சுரம் மட்டும் சரியாக விழவில்லையோ என்று ஐயம் எழுந்ததாம். ஒலிப்பதிவுக்கூடத்தின் நிர்வாகியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். எந்த ஒரு தனிச்சுரத்தைப் பற்றியும் தாங்கள் கவலைகொள்ள வேண்டியதேயில்லை என்று நிர்வாகி மிக்க மரியாதையுடன் பதிலளித்தார்.

இப்பதிலை வாசித்தபோது நாமும் சிரித்தோம். பின்னர் யோசித்தோம். ஐயம் எழுந்தது அவருக்கு. வாய்திறந்து கேட்டவரும் அவரே. அந்த ஒரு கணத்தில் எவரேனும் உண்மையைக் கூறியிருந்தால், கேட்க அவர் ஆயத்தமாகவே இருந்திருக்கக்கூடும். கிடைத்ததோ இனிய சொல்லில் சுற்றிய ஒரு கேலி.

1944ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி, எழுபத்தாறாவது வயதில், நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில் பாடினார். உலகின் மாபெரும் இசைவாணர்கள் பாடிய, ஏறத்தாழ 2,800 ஆசனங்கள் கொண்ட மண்டபம். யுத்த காலம். சீட்டுகள் பல வாரங்களுக்கு முன்னரே தீர்ந்துவிட்டன; இரண்டாயிரம்பேர் வரையில் இடமின்றித் திரும்பினர். இம்முறை வாயிலில் நின்று ஆள்பார்த்துச் சீட்டு விற்க இயலவில்லை. விமர்சகர்கள் முதன்முறையாகத் தாராளமாக உள்ளே வந்தனர். மறுநாட் பத்திரிகைகள் இரக்கம் காட்டவில்லை. சுரங்களைத் தவிர வேறெதையும் பாட வல்லவர் இவர் என்று ஒருவர் எழுதினார். ஐந்து நாட்களின் பின் இசைப்பொருட் கடையொன்றில் நின்றபோது அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. நவம்பர் 26ஆம் திகதி காலமானார். கச்சேரிக்கும் மரணத்துக்கும் இடையே ஒரு மாதமும் ஒரு நாளும்.

படம் இந்த இறுதிக் காலத்தையே பெரிதும் எடுத்துக்கொள்கிறது. பேபீல்டாக நடிக்கும் ஹியூ கிராண்ட் எம்மைக் கவர்ந்தார். அவர் விமர்சகர்களுக்குப் பணம் கொடுக்கிறார். சிரிக்கக்கூடியவர்களைச் சபையில் சேர்க்காதிருக்கப் பாடுபடுகிறார். கண்டன விமர்சனம் வந்த பத்திரிகையின் பிரதிகளையெல்லாம் காலையிலேயே வாங்கிக் குப்பைத்தொட்டியில் எறிகிறார். அதேவேளை, வேறொரு வீட்டில் வேறொரு பெண்ணுடனும் வாழ்கிறார். நல்லவரா கெட்டவரா என்று படம் சொல்ல மறுக்கிறது. சொல்ல மறுத்தது நன்று. மக்மூனாக வரும் சைமன் ஹெல்பேர்க் முதன்முறை அம்மையாரின் குரலைக் கேட்கும்போது அவர் முகம் படும் பாட்டுக்காகவே இப்படத்தை இன்னொரு முறை பார்க்கலாம். ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட மெரில் ஸ்ட்ரீப், அப்பாடல்களை முதலில் பிழையறப் பாடப் பயின்று, அதன்பின்னரே பிழைபடப் பாடினாராம். சுருதியை அறிந்தவரால்தான் அதனைத் துல்லியமாகத் தவறவிட முடியும் போலும்.

இதே அம்மையாரின் கதையைத் தழுவி, 2015ஆம் ஆண்டில் 'மார்கரீத்' என்ற பிரெஞ்சுப் படம் ஒன்றும் வெளிவந்தது. அதில் அச்சீமாட்டிக்கு இறுதியில் அவருடைய ஒலிப்பதிவையே போட்டுக் காட்டுகிறார்கள். தம் குரலைத் தாமே கேட்ட அதிர்ச்சியில் அவர் விழுந்துவிடுகிறார். ஆங்கிலப் படம் சிரிப்பை விட்டுச் செல்கிறது. பிரெஞ்சுப் படம் குற்றவுணர்வை விட்டுச் செல்கிறது. எமக்கு ஆங்கிலப் படமே உவப்பாயிற்று. எனினும் பிரெஞ்சுப் படமே உண்மைக்கு அண்மையில் நிற்கிறதோ என்ற ஐயமும் உண்டு.

தம் குரலைத் தாமே கேட்டு அதிர்வது எம்மவர்க்குப் புதிதன்று. தொலைபேசி அழைப்பு ஒரு நாட்கூலியை விழுங்கிய அந்தக் காலத்தில், கடிதத்துக்குப் பதிலாக ஒலிநாடாவில் பேசி ஊருக்கு அனுப்பிய குடும்பங்கள் எத்தனையோ. பேசி முடித்துவிட்டுப் போட்டுக் கேட்டால், யாரோ மூக்கடைப்புக்காரன் பேசுவது போலிருக்கும். அதற்குக் காரணம் உண்டு. நாம் பேசும்போது எமது குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் எமது உட்செவியை அடைகிறது. எலும்புவழி வரும் ஒலி கனமும் முழக்கமும் கூடியது. ஆகவே ஒவ்வொருவரும் தம் குரலை உள்ளதைவிடச் செழுமையாகவே கேட்கிறோம். ஒலிநாடா எலும்பை அறியாது; காற்றில் சென்றதையே திருப்பித் தரும். இவ்வகையில் எம்முள் ஒவ்வொருவரும் சிறிதளவு ஜென்கின்ஸ்தான். இதற்கு மேலாக, சுரங்களிடையே உள்ள ஏற்ற இறக்கத்தைப் பிரித்தறிய இயலாத செவியுடனேயே பிறப்போரும் ஒரு சிறு தொகையினர் உளர் என்று மருத்துவ அறிஞர் கூறுவர்.

ஆனால் புளோரன்ஸைச் சூழ்ந்திருந்தவர்களுக்கு அப்படி என்ன குறை? அவர்களின் செவி நன்றாகவே இருந்தது. வாய்தான் வேலைசெய்யவில்லை.

இந்த நோய் எமது மண்டபங்களிலும் உண்டு. சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வாரவிடுமுறைகளில் நடைபெறும் அரங்கேற்றங்களை எண்ணிப் பாருங்கள். சென்னையிலிருந்து பக்கவாத்தியக் கலைஞர்கள் விமானத்தில் வருகிறார்கள். மண்டபம், சேலை, மலர் அலங்காரம், வீடியோ, இராப்போசனம் என ஒரு சிறு வீட்டின் முற்பணம் ஒரே மாலையில் கரைகிறது. பிள்ளைக்கு உண்மையான ஆற்றல் இருக்கும் இடங்களில் அதனை நாம் குறைகூறோம்; அத்தகைய பிள்ளைகள் இங்கு பலர் உளர். ஆற்றல் இல்லாத இடத்திலும் பிரதம விருந்தினரின் உரை மாத்திரம் மாறுவதில்லை. குரல்வளம், குருபக்தி, பெற்றோரின் தியாகம், சபையோர் மெய்மறந்தமை. எமது பத்திரிகையும் இதற்கு விலக்கன்று; 'சபையோர் மெய்மறந்தனர்' என்ற வாக்கியத்தை நாமே பலமுறை எழுதியிருக்கிறோம். சபையோர் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த மாலைகளிலும் எழுதியிருக்கிறோம். அந்தப் பிள்ளைக்குத் தன் சுருதி எங்கே நழுவியது என்பது தெரியும். பத்து ஆண்டுகள் பயின்ற செவியல்லவா? பெரியவர்கள் அனைவரும் பொய் சொல்கிறார்கள் என்பதையும் அது அன்றைக்கே அறிந்துகொள்கிறது. பயிலும் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லவேண்டும். அதில் எமக்கு இரண்டு கருத்து இல்லை.

இனி, நாம் முன்னர் கூறுவதாகச் சொன்ன செய்திக்கு வருவோம்.

எமது விழா மேடையொன்றில் ஆண்டுதோறும் பாடும் அன்பர் ஒருவர் உளர். அறுபதை நெருங்குபவர். 2012ஆம் ஆண்டு படகில் இந்நாட்டுக்கு வந்தவர். இன்றுவரை பிரிட்ஜிங் விசா. மனைவி மக்கள் ஊரில். அவரால் அங்கு சென்று திரும்ப இயலாது; அவர்களை இங்கு அழைக்கவும் வழியில்லை. இரவில் மரக்கறி பொதிசெய்யும் வேலை. அவருக்குப் பிடித்தமானவை சீர்காழி கோவிந்தராஜனின் பாடல்கள். டி.எம்.எஸ். பாடல்களைப் பாடினாலாவது ஓரளவு சமாளிக்கலாம். இவரோ வெண்கலக் குரலையே நாடுவார். கரோக்கி இசை தன்பாட்டில் செல்லும். அன்பர் தன்பாட்டில் செல்வார். பாட்டின் முடிவில் இருவரும் ஓரிடத்தில் சந்தித்தால் அது இறைவன் செயல். பின்வரிசை இளைஞர்கள் சிரிப்பார்கள். ஒருவர் விடாமல் வீடியோ எடுப்பார்கள்.

கடந்த ஆண்டு விழாக்குழுவில் இது பேச்சாயிற்று. சீட்டு வாங்கி வருவோர் முகஞ்சுளிக்கிறார்கள் என்றார் ஒருவர். பிள்ளைகள் கேலிசெய்வது அந்த மனிதருக்கே அவமானம், ஆகவே அவருடைய நன்மைக்காகவே நிறுத்தவேண்டும் என்றார் இன்னொருவர். இந்த இரண்டாவது நியாயம் எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. மறுப்பதற்கு அன்பைக் காரணமாகக் காட்டுவதைவிட வசதியானது வேறெது? நாமும் தலையசைத்தோம். அவருக்குச் சொல்லும் பொறுப்பும் எம் தலையிலேயே விழுந்தது.

தொலைபேசியில் அழைத்தோம். "அண்ணை, இந்தமுறை நிகழ்ச்சியள் கூடிப்போச்சு. நேரம் காணாது. உங்கட பாட்டை அடுத்தமுறை பாப்பம்" என்றோம். பேபீல்ட் துரையும் இவ்வளவு சரளமாகச் சொல்லியிருக்கமாட்டார்.

மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை.

"விளங்குது தம்பி" என்றார். பின்னர், "என்ர சுருதி எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனீங்கள்? நான் பாடத் தொடங்கினால் மாடு கயித்தை அறுக்கும் எண்டு அம்மா அந்த நாளிலேயே சொல்லிப்போட்டா" என்றார்.

நாம் ஏதோ மழுப்ப முயன்றோம். அவர் விடவில்லை. "இஞ்சை நாங்கள் அஞ்சுபேர் ஒரு வீட்டிலை இருக்கிறம். எல்லாருக்கும் ஷிப்ட் வேலை. எந்த நேரமும் ஆரோ ஒருத்தர் நித்திரை. ஒருநாளும் வாயைத் திறந்து பாட ஏலாது. வருசத்திலை ஒருக்கால் அந்த மைக்கைப் பிடிக்கிறன். உங்கட பெடியள் வீடியோ எடுத்துத் தருவினம். அதை ஊருக்கு அனுப்புவன். பிள்ளையள் பாத்துப்போட்டு விழுந்து விழுந்து சிரிக்குங்கள். சின்னவள் நான் வரேக்கை கைக்குழந்தை. அவளுக்கு என்னைத் தெரிஞ்சதே அந்தப் பாட்டாலைதான்."

கடந்த ஆண்டு விழா அவருடைய பாட்டு இல்லாமலே நடந்தேறியது. குறித்த நேரத்தில் முடிந்தது. மிகச் சிறப்பாக நடந்ததென்று எல்லோரும் சொன்னார்கள். அவ்வாறே நாமும் எழுதினோம்.

நண்பரின் மகள் கேட்ட வினா எம்மை ஏன் தைத்தது என்பது இப்போது விளங்கும். சுருதி சேராமல் பாடுபவருக்கு அது தெரியாது என்ற எண்ணத்திலேயே நாம் அவரைக் காக்கப் புறப்படுகிறோம். புளோரன்ஸ் அம்மையாருக்குத் தெரிந்திருந்ததா என்பதில் அவரை அறிந்தவர்களே உடன்பட்டதில்லை. ஒரு துளி சந்தேகமும் அவருக்கு இருந்ததில்லை என்பர் சிலர். தனக்குப் பாட வராது என்று பிறர் சொல்லலாம், ஆனால் தான் பாடவில்லை என்று எவரும் சொல்லமுடியாது என்ற பொருள்பட அவர் கூறியதாகவும் ஒரு செய்தி உண்டு. படமும் அச்சொற்களை அவர் வாயில் வைத்தே முடிகிறது. அது உண்மையெனில், அவரைச் சுற்றி எழுப்பப்பட்ட அவ்வளவு பெரிய பொய்மதிலும் அவருக்காக எழுப்பப்பட்டதன்று. அவர் முகத்தைப் பார்த்துப் பேசும் சங்கடத்திலிருந்து மற்றவர்கள் தம்மைக் காத்துக்கொள்ள எழுப்பியது. எமது தொலைபேசி அழைப்பும் அத்தகையதே.

அன்றொரு காலத்தில் பி.எச். அப்துல் ஹமீத் அவர்கள் இலங்கை வானொலியில் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நல்ல குரலும் வரும், கரகரத்த குரலும் வரும். குறித்த எழுத்தில் பாட்டைத் தொடங்கத் தெரிந்தால் போதும். சபை சிரிக்கும், பாடியவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பில் எவரும் காயப்பட்டதாக எமக்கு நினைவில்லை. மறைவில் சிரிப்பதே காயப்படுத்தும்.

இவ்வாண்டு விழாக்குழு கூடியபோது, நாம் தொலைபேசியில் கேட்டதை அப்படியே கூறினோம். சிறிது நேரம் அமைதி. பின்னர் உறுப்பினர் ஒருவர் நல்ல நோக்குடன் ஒரு யோசனை சொன்னார். மெல்பேர்ணில் 2006ஆம் ஆண்டு ஜொனதன் வெல்ச் என்ற இசைநாடகப் பாடகர், வீடற்றோரையும் போதையினாலும் நோயினாலும் நொந்தோரையும் திரட்டி 'கொயர் ஒப் ஹார்ட் நொக்ஸ்' என்ற பாடற்குழுவை அமைத்தார். மொன்றியல் நகரின் வீடற்றோர் பாடற்குழுவைப் பற்றி அறிந்ததே அதற்குத் தூண்டுகோல். ஏ.பி.சி. தொலைக்காட்சி 2007இல் அதனைத் தொடராகக் காட்டியது. தெருவில் படுத்தவர்கள் மெல்பேர்ண் நகர மண்டபத்தில் நின்று பாடியதை நாடே பார்த்தது. தேர்ந்த குரல்கள் அங்கு அதிகமில்லை. ஆயினும் நாற்பது ஐம்பது குரல்கள் ஒன்றாகச் சேரும்போது ஒன்றின் வழுவை மற்றொன்று மூடிவிடும். வெல்ச் 2008இல் அவுஸ்திரேலிய தினத்தையொட்டி வழங்கப்படும் உள்ளூர் வீரர் விருதைப் பெற்றார். எமது அன்பரையும் அவ்வாறே குழுப்பாடலில் சேர்த்துவிட்டால் அவருக்கும் மேடை கிடைக்கும், சபைக்கும் காது தப்பும் என்பது உறுப்பினரின் வாதம்.

யோசனை எமக்கும் நன்றாகவே பட்டது. இம்முறை தொலைபேசியில் பேசாமல் நேரிலேயே சென்றோம். காலை ஒன்பது மணி. வேலை முடிந்து வந்து தேநீர் வைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் இருவர் நித்திரை. ஆகவே வாசற்படியில் அமர்ந்து மெல்லிய குரலில் பேசினோம். கடந்த ஆண்டு சொன்னது பொய் என்பதை முதலில் ஒப்புக்கொண்டோம். அதற்கு அவர் கையை மாத்திரம் அசைத்தார். குழுப்பாடலைப் பற்றிச் சொன்னபோது தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"நல்ல யோசனைதான் தம்பி. ஆனால் கூட்டமாய்ப் பாடினால் என்ர குரல் எதெண்டு பிள்ளையளுக்குத் தெரியாதே" என்றார்.

அதற்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. தனியாகவே பாடுங்கள், நிகழ்ச்சி நிரலில் எந்த இடத்தில் போடுவது என்று கேட்டோம். அவர் முன்னரே தீர்மானித்து வைத்திருந்தார்.

"சாப்பாட்டுக்குச் சரியா முதல் போடுங்கோ. ஒருத்தரும் எழும்பிப் போகமாட்டினம்."

நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போய்விட்டது. இராப்போசனத்துக்கு முந்திய நிகழ்ச்சி அவருடையது. இம்முறையும் சீர்காழியின் பாடலே. அதுவும் ஐந்து கட்டைச் சுருதியில்.